எரிஞ்சு எரிஞ்சு அணையுற இன்ஜின் லைட்: 14,500 ரூபாய் போன பிறகு நான் கத்துக்கிட்டது

நம்மில் நிறைய பேருக்கு சம்பளம் சென்னையில வருது, செலவு ஊர்ல இருந்து போன் பண்ணுது. எனக்கு அந்த போன் பொன்னமராவதியில இருந்து வரும். அப்பா அங்க 2017 மாடல் டீசல் பிக்கப் ஓட்டுறார். சிங்கம்புணரி கயிறு லோடு, சந்தைக்குக் காய்கறி, வீட்டு வேலைக்கு சிமென்ட், எது கிடைச்சாலும் ஏத்துவார். ஒருநாள் சொன்னார்: "தம்பி, மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு காலையில எரிஞ்சுச்சு. மத்தியானம் பார்த்தா காணோம்ப்பா."

"காணோம்னா விடுங்கப்பா"ன்னேன்.

பத்து நாள்ல மறுபடி எரிஞ்சது. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினார். வண்டியில ஸ்கேனர் மாட்டாமலே, "ஈஜிஆர் வால்வு அடைச்சிருக்கும்"னு சொல்லி மாத்தினாங்க. 8,200 ரூபாய். ஜிபேயில அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. லைட் அணைஞ்சது, ஒன்பது நாள்ல திரும்ப வந்தது. இன்னொரு இடத்துல ஸ்கேன் பண்ணாங்க, பி0102-ன்னு கோடு வந்தது. ஏர்ஃப்ளோ சென்சார் போச்சுன்னு புதுசு போட்டாங்க. 6,300. ரெண்டு வாரம் நிம்மதி. அப்புறம் அதே லைட், அதே கோடு.

இங்கதான் நாம ஏமாறுறோம். யாரும் வேணும்னு ஏமாத்தணும்னு இல்லை, அந்த லைட் வேலை செய்யுற விதமே அப்படி. வண்டியோட கம்ப்யூட்டர் பல கோளாறுகளை ஒரு தடவை பார்த்ததும் லைட் போடாது. "சந்தேகம்"னு குறிச்சு வச்சுக்கும். அடுத்தடுத்த ஓட்டத்திலும் அதையே பார்த்தாதான் லைட் எரியும். கோளாறு தென்படலன்னா, பொதுவா மூணு ஓட்டத்துக்கு அப்புறம் தானாவே அணைச்சிடும். ஆனா கோடு மட்டும் நினைவகத்துல ரொம்ப நாள் இருக்கும். அதனால லைட் அணைஞ்சதை வச்சு ரிப்பேர் சரியாச்சுன்னு சொல்ல முடியாது. ஸ்கேனர்ல கோடை அழிச்சாலும் அணையும், பல வண்டிகள்ல பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினாலே அணையும். நான் பணம் கட்டின ரெண்டு தடவையும் எனக்குக் கிடைச்சது அந்த அணைப்பு மட்டும்தான்.

இன்னொரு விஷயம், இது காசு மிச்சப்படுத்துற விஷயம். கோடு எந்தப் பொருள் கெட்டுச்சுன்னு சொல்லாது, எந்தப் பக்கம் தேடணும்னுதான் சொல்லும். பி0102-ன்னா, காத்து அளக்குற சென்சார் இருக்குற சர்க்யூட்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்பக் குறைவுன்னு அர்த்தம். அந்த சர்க்யூட்ல சென்சார் ஒண்ணு. அதுக்குப் போற வயர், கனெக்டர், எர்த் எல்லாமும் உண்டு. லைட் நிலையா எரிஞ்சா பொருள் மேல சந்தேகம் வரலாம். எரிஞ்சு எரிஞ்சு அணையுதுன்னா முதல் சந்தேகம் வயர் மேலதான் வரணும். வயர் குலுக்கல்ல விட்டு விட்டுத் தொடும்.

மூணாவது தடவை அப்பாகிட்ட ஒரு நோட்டு போடச் சொன்னேன். எப்ப எரிஞ்சது, லோடு இருந்ததா, மழையா, எந்த ரோடு. பத்து நாள்ல விஷயம் தெளிவாச்சு: லோடோட குண்டும் குழியுமான ரோட்டுல போனாதான் எரியுது, காலி வண்டியில திரும்பும்போது ஒரு தடவைகூட இல்லை. இதை எடுத்துக்கிட்டு ஊர்லயே ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கிட்ட போனார். அவர் கோடை அழிக்கல. முதல்ல ஃப்ரீஸ் ஃபிரேம் பார்த்தார். கோடு விழுந்த நொடியில வேகம், இன்ஜின் சூடு, லோடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் எடுத்து வச்சிருக்கிற போட்டோ மாதிரி அது. கோடை அழிச்சா அந்த போட்டோவும் போயிடும். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, ஸ்கேனர்ல காத்து அளவைப் பார்த்துக்கிட்டே வயர்க் கட்டை ஒவ்வொரு ஜாணா அசைச்சார். ஒரு இடத்துல அளவு சட்டுனு கீழ விழுந்தது. இரும்பு பிராக்கெட்ல உரசி, வயர் மேல்தோல் தேய்ஞ்சு, உள்ள செம்பு தெரிஞ்சது. சென்சார் மாத்தினப்போ அந்த வயர் அசைஞ்சிருக்கு, அதான் ரெண்டு வாரம் நிம்மதி. "அண்ணே, பழைய சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கும்"னார். வயரை வெட்டி இணைச்சு, உறை போட்டு, கிளிப் மாட்டினார். 600 ரூபாய்.

இப்ப உங்களுக்கு. வீட்ல இருந்து இப்படி போன் வந்தா பணம் அனுப்புறதுக்கு முன்னாடி, "கோடு என்ன? எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்க. அழிக்காதீங்க"ன்னு சொல்லுங்க. பார்ட் மாத்தணும்னு சொன்னா, வயரும் கனெக்டரும் பார்த்தாச்சான்னு கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டை வாங்கி வைங்க. தூரத்துல இருக்கோமேங்கற குற்ற உணர்ச்சியில நாம கேள்வியே கேட்காம அனுப்பிடுறோம். நானும் அப்படித்தான்.

புளூடூத் அடாப்டர் வாங்கி வச்சுக்கலாம். ஸ்டீயரிங் கீழ இருக்குற 16 பின் சாக்கெட்ல மாட்டணும். எல்லா வண்டியும் எல்லா அடாப்டரோடயும் பேசாது, திருப்பித் தர முடியுற இடத்துல வாங்குங்க. இது சின்ன வண்டிக்குத்தான். 24 வோல்ட் லாரியில மாட்டாதீங்க.

எப்ப உடனே நிறுத்தணும்? ஆயில் லைட் சிவப்பா எரிஞ்சா, டெம்பரேச்சர் ஏறினா, இழுவை திடீர்னு போனா ஓரம் கட்டிடணும். பெட்ரோல் வண்டியில இன்ஜின் லைட் மினுக்கினாலும் அப்படித்தான். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுத்திடும். மஞ்ச லைட் நிலையா எரியுது, இழுவையில குறை இல்லைன்னா லோடை மெதுவா இறக்கிட்டுப் போய்க் காட்டலாம்.

செகண்ட்ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க சாவியை ஆன் மட்டும் பண்ணிப் பாருங்க. இன்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் பண்ணதும் அணையணும். முதல்ல எரியவே இல்லைன்னா யாரோ அதை வேலை செய்யாம பண்ணியிருக்கலாம். அந்த வண்டியை விட்டுட்டு வந்திடுங்க.

அப்பா வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டியாச்சு, இனி வருஷா வருஷம் எஃப்சி. அதனால ஓடுற நாளெல்லாம் 100 ரூபாய் தனி அக்கவுண்ட்ல போடுறார். வயர் வேலை முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, நோட்டுல அதுக்கப்புறம் ஒரு வரிகூட ஏறல. அடாப்டரை போன்ல இணைச்சு கோடு படிக்கிறதை இந்த வார வீடியோல அவர் வண்டியிலயே காட்டியிருக்கேன்.