நம்ம ஊருக்கே டூரிஸ்ட்டா போங்க பாஸ்!

'மரபு வாரக் கொண்டாட்டம்', 'பண்பாட்டுச் சொற்பொழிவு' என்று நோட்டீஸ் போர்டில் சர்க்குலர் ஒட்டினால், நீங்க முதல்ல என்ன கேப்பீங்க? 'ஓ.டி. உண்டா?' அடுத்தது, 'சர்டிஃபிகேட் தர்றாங்களா?' மூணாவது, 'எத்தனை மணிக்கு விடுவாங்க?' யார் பேசுறாங்க, எதைப் பத்தினு கேக்குற ஆளு ஒருத்தர் இருந்தா, அவர் நிச்சயம் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்டுன்னு முடிவு கட்டிடுவோம்.

நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமே இல்லீங்க. ஏப்ரல் 18 உலக மரபு தினம். மே 18 உலக அருங்காட்சியக தினம். நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம். இது போக 'மாபெரும் தமிழ்க் கனவு'ன்னு தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்காகப் பேச்சாளர்களைக் கூட்டிட்டு வருது. சென்னைக்காரங்க இன்னும் ஒரு படி மேல. 2004-ல் ஆரம்பிச்ச 'மெட்ராஸ் டே' வருஷா வருஷம் ஆகஸ்ட்ல தெருத்தெருவா நடை, பேச்சு, கண்காட்சின்னு களைகட்டுது. அங்கே மக்கள் தானா காலையில எழுந்து வர்றாங்க. நம்ம பக்கம் மட்டும் அட்டெண்டன்ஸ் போட்டு உக்கார வைக்க வேண்டியிருக்கு. ஏன்?

என் கணக்கு சிம்பிள். நாம ஹாலுக்குள்ள உக்காந்து ஸ்லைடு பார்க்கிறோம். ஸ்லைடுல இருக்கிற அந்த இடமோ, ஒரு மணி நேர பஸ் தூரத்துல சும்மா இருக்கு!

பனமரத்துப்பட்டியில இருந்து கிளம்புறீங்கன்னு வச்சுக்கோங்க. மல்லூர் வந்து நாமக்கல் பஸ் ஏறுங்க. நாமக்கல் மலை எல்லாருக்கும் தெரியும். ஆஞ்சநேயருக்கு வடை மாலை தெரியும். மலையைக் குடைஞ்ச ரெண்டு குகைக் கோயிலையும் கும்பிட்டிருப்பீங்க. மேற்கே நரசிம்மர், கிழக்கே ரங்கநாதர். ரங்கநாதர் குகையில இருக்கிற கல்வெட்டைப் பார்த்திருக்கீங்களா? கிரந்த எழுத்து, சமஸ்கிருதம். 'அதியேந்திர விஷ்ணுகிருஹம்'னு கோயில் பேரையும், செஞ்சவர் குணசீலன், அதியர் குலம்னும் சொல்லுது. காலம் 8-ம் நூற்றாண்டு. அதியர்னா யாரு? ஒளவைக்கு நெல்லிக்கனி குடுத்தாரே, அதே அதியமான் வம்சம்தான்! ஆறாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ண கதையோட அடுத்தடுத்த தலைமுறை, பல நூற்றாண்டு கழிச்சு நாமக்கல்ல பாறையைக் குடைஞ்சிருக்கு. இதை அந்தக் குகை வாசல்ல நின்னு ஒருத்தர் பத்து நிமிஷம் சொன்னா, யாரும் மணி பார்க்க மாட்டாங்க.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் மேட்டருக்கு வருவோம். மெக்கானிக்கல், மெட்டலர்ஜி ஆளுங்க கொஞ்சம் காதைக் குடுங்க. 'சேலத்து இரும்பு'ன்னா ஸ்டீல் பிளான்ட்டுனுதான் நமக்கு ஞாபகம் வரும். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினது. அது கஞ்சமலை அடிவாரத்துல ஏன் இருக்கு? மலை முழுக்க இரும்புத் தாது. 1830-கள்லயே ஜோசையா மார்ஷல் ஹீத்-ங்கிற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதை நம்பி, பரங்கிப்பேட்டையில இரும்பாலை வச்சார். அவருக்கு முன்னாடி ஊர் ஊருக்கு மண் உலை வச்சு இரும்பு உருக்கினது நம்ம ஆளுங்க.

எவ்வளவு முன்னாடி? 2025 ஜனவரியில தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கையைப் பாருங்க. சிவகளையோட கி.மு. 3345 எல்லா பேப்பர்லயும் தலைப்புச் செய்தி ஆச்சு. ஆனா மேட்டூர் பக்கத்து மாங்காடும் தெலுங்கனூரும் ஆராய்ச்சியாளர்கள் பேச்சுல ரொம்ப நாளாவே இருக்கு. மாங்காட்டு இரும்போட காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடையில. தெலுங்கனூர்ல கிடைச்சது கார்பன் அதிகமுள்ள எஃகு. அயர்ன்-கார்பன் டயகிராமை அரியர் வச்சு அரியர் வச்சு எழுதுற நமக்கு, இதை ஒரு லேப் கிளாஸ்ல சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்! (இன்டர்னல் மார்க் குடுத்தா இன்னும் நல்லாருக்கும்.)

சங்ககிரி வேற மாதிரிக் கதை. 1805 ஜூலை 31, தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். அன்னிக்கு ஆடி 18. இப்போ ஆடி 18 ஆகஸ்ட் 2 இல்லை 3-ல வருதேன்னு குழம்பாதீங்க. நம்ம தமிழ் வருஷமும் இங்கிலீஷ் வருஷமும் சுமார் 70 வருஷத்துக்கு ஒரு நாள் விலகும். 220 வருஷத்துல மூணு நாள், கணக்கு சரியா வருதா? அந்த ஆடி 18 அன்னிக்கு சங்ககிரியில மாலை, மைக், கார் கொடின்னு அமர்க்களம். கொல்லிமலையிலயும் அதே சமயம் வல்வில் ஓரி விழா. விழா முடிஞ்சதும்? மிச்ச நாள்ல கோட்டை ஏறுற உங்களுக்கு, கீழே நீல போர்டு. மேல காத்து.

பேச ஆள் இல்லாத இடத்துல யார் வேணா எதையும் சொல்லலாம். இங்கேதான் எனக்கு உதைக்குது. 'இந்த ராஜா எங்க ஆளு', 'இந்தக் கோட்டை எங்க தாத்தாவுது'ன்னு வாட்ஸ்அப்ல வர்ற வரலாறு கல்வெட்டைக் காட்டாது, வருஷத்தைச் சொல்லாது. ஆனா நிமிஷத்துக்கு நாப்பது ஃபார்வேர்டு. அதுல பாதி நம்ம கிளாஸ் குரூப்ல இருந்துதான் போகுது. 'ஆதாரம் என்ன?'ன்னு கேக்கத் தெரிஞ்ச பத்து பேரை உருவாக்க, கல்வெட்டு முன்னாடி நின்னு கேட்ட ஒரு பேச்சு போதும்.

இன்னொண்ணு. பாறையில 'ராஜா லவ்ஸ் ரோஜா' செதுக்குற ரோமியோக்களுக்கு ஒரு தகவல்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை ஃபைன். 2010-ல் சட்டத்தைத் திருத்தி ஏத்தினது. ரோஜா காத்திருக்க மாட்டாங்க!

ஏற்காடு போனா லேக்ல போட்டிங் மட்டும் போயிட்டு வராதீங்க. ஹோலி டிரினிட்டி சர்ச்சுல ராபர்ட் புரூஸ் ஃபுட் நினைவுக்கல் இருக்கு. 1863-ல் பல்லாவரத்துல கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர். கடைசிக் காலத்துல ஏற்காட்டுலதான் இருந்தார். அவர் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிச்சு.

சரி, நீங்க என்ன பண்ணலாம்? சேலம் அரசு அருங்காட்சியகத்துல காப்பாட்சியர் இருப்பார். உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். லெட்டர்பேடுல ஒரு கடிதம். 'ஹாலுக்கு வேணாம் சார், இடத்துக்கே வந்து பேசுங்க'ன்னு கேளுங்க. ஐம்பது பேர் வேணாம், பதினஞ்சு பேர் போதும். முதல் கூட்டத்துக்கு என் சிபாரிசு, பனமரத்துப்பட்டி ஏரிக்கரை. 1911-ல் சேலம் டவுனுக்குக் குடிதண்ணி குடுக்க உருவான ஏரி. ஒரு நகரமே குடிச்ச ஏரி, அப்புறம் வருஷக்கணக்கா சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்துச்சு. 1934-ல் திறந்த மேட்டூர் அணைதான் பின்னாடி சேலத்துக்குத் தண்ணி குடுத்துச்சு. ஏரியில தண்ணி எப்படி இருந்துச்சு, எந்த வருஷம் நிரம்புச்சு, மீன் என்ன விலைன்னு சொல்றதுக்குப் புத்தகம் தேட வேணாம். எழுபது, எண்பது வயசுப் பெரியவங்க அந்தச் சுத்துப்பட்டு ஊர்ல திண்ணையிலதான் உக்காந்திருக்காங்க. அவங்கதான் சிறப்புப் பேச்சாளர். பொன்னாடை வேணாம், டீ வாங்கிக் குடுங்க. ரெக்கார்டு பண்ண உங்க செல்போனே போதும். சார்ஜ் மட்டும் ஃபுல்லா போட்டுட்டுப் போங்க, கதை லேசுல முடியாது.