உதவி பெறுவோர் பட்டியலை யார் பார்க்கலாம்?

 

சென்ற ரமளானுக்கு முந்தைய ரமளானில் எங்கள் அலுவலகத்தில் ஒரு தவறு நடந்தது. மளிகைப் பை வழங்குவதற்காக, கணினியில் இருந்த உதவிப் பட்டியலை எக்ஸெல் கோப்பாக எடுத்து, அதன் லிங்க்கைத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அதில் பெயர், கதவு எண், செல்போன் எண் ஆகியவற்றோடு, உதவி கேட்பதற்கான காரணமும் இருந்தது. லிங்க் யார் கையில் கிடைத்தாலும் கோப்பு திறக்கும் என்ற நிலையில் அதை வைத்திருந்தோம். ஒருவர் தன் வீட்டாருக்கு அனுப்பினார். அங்கிருந்து வேறொரு குழுவுக்குப் போனது. சில நாட்களில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது தெருப் பேச்சாகிவிட்டது.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு சகோதரி, இனிமேல் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று எங்கள் பெண் தன்னார்வலரிடம் சொல்லியனுப்பினார். அவர் யார், எந்தத் தெரு என்பதை இங்கே எழுத மாட்டோம். அவருடைய கஷ்டம் தீரவில்லை, கேட்பதைத்தான் நிறுத்திக்கொண்டார். யார் பரப்பியது என்று விசாரித்தோம். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை. மென்பொருளும் பழுதாகவில்லை, நாங்கள் சொன்னபடிதான் நடந்தது. கதவைத் திறந்து வைத்தவர்கள் நாங்களே. அதற்காக அந்தக் குடும்பங்களிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

அதன்பின் பட்டியலை யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் திருத்தலாம் என்பதை முழுவதுமாக மாற்றியமைத்திருக்கிறோம். உங்கள் விவரங்கள் எங்களிடம் அமானிதமாக இருப்பதால், அதை எப்படிப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. சங்கம், பள்ளிக்கூடம், சிறு நிறுவனம் நடத்துபவர்களுக்கும் இது பயன்படலாம்.

நோட்டிலிருந்து கணினிக்கு

முன்பு உதவி பெறுவோர் பெயர்கள் ஒரு நீள நோட்டில் இருந்தன. நோட்டு பீரோவில் இருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். வேலை மெதுவாக நடந்தாலும் ரகசியம் காப்பது எளிது. விண்ணப்பங்கள் கூடியபோது மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்ட் என்ற மென்பொருளுக்கு மாறினோம். அதில் 'லிஸ்ட்' என்ற வசதி உண்டு. விண்ணப்பம் பதிவானதும் விசாரணைக் குழுவுக்குத் தகவல் போகும். குழு ஒப்புக்கொண்டால் பொருளாளருக்குப் போகும். பின்பு வழங்குபவருக்குப் போகும். எல்லோரும் அவரவர் செல்போனிலேயே பார்க்கலாம். வேலை விரைவாக நடந்தது. ஆனால் ஒரு சாவி இருந்த இடத்தில் பல சாவிகள் வந்துவிட்டன என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

எங்கே தவறினோம்?

முதல் தவறு, எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்தது. இந்த மென்பொருளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓனர்ஸ், மெம்பர்ஸ், விசிட்டர்ஸ் என்று மூன்று குழுக்கள் இருக்கும். ஓனர்ஸுக்கு முழு அதிகாரம் உண்டு. விசிட்டர்ஸ் பார்க்க மட்டும் முடியும். மெம்பர்ஸ் என்றால் சாதாரண உறுப்பினர்தானே என்று எண்ணித் தன்னார்வலர்கள் அனைவரையும் அதில் சேர்த்தோம். நாமாக மாற்றாத வரை, மெம்பர்ஸுக்குக் கிடைப்பது 'எடிட்' என்ற அனுமதி. அது இருந்தால் ஒரு வரியை மட்டுமல்ல, பட்டியலையே அழித்துவிட முடியும். அதற்குக் கீழே 'கான்ட்ரிபியூட்' என்று ஓர் அனுமதி இருக்கிறது. அதில் வரிகளைச் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம். பட்டியலின் அமைப்பைத் தொட முடியாது. பதிவு செய்பவருக்கு அது போதும்.

இரண்டாவது தவறு, வாசல் சாவியே எல்லா அறைகளையும் திறக்கும்படி விட்டது. தளத்துக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பட்டியலுக்கும் தானாகவே இறங்கி வரும். வாரிசுரிமை போல மேலிருந்து கீழே வருவதால் ஆங்கிலத்திலும் அதை 'இன்ஹெரிட்டன்ஸ்' என்றே சொல்கிறார்கள். கல்வி உதவிப் பட்டியலைப் பார்க்க ஒருவரைத் தளத்தில் சேர்த்தால், மருத்துவ உதவிப் பட்டியலும் அவருக்குத் திறந்துவிடும். தனியாகப் பூட்ட வேண்டிய பட்டியலில் இந்த வாரிசுரிமையைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தவுடன் பழைய ஆட்கள் தாமாக வெளியேறிவிட மாட்டார்கள். அதுவரை இருந்த அனுமதிகள் அப்படியே அந்தப் பட்டியலில் நகலாகி நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாதவர்களை நாம்தான் நீக்க வேண்டும். இது தெரியாமல் சில மாதங்கள் துண்டித்துவிட்டோம் என்ற நிம்மதியிலேயே இருந்தோம்.

மூன்றாவது தவறு, மறைப்பதைப் பூட்டுவதாக நினைத்தது. 'காரணம்' என்ற பத்தியைத் தன்னார்வலர்கள் பார்க்கும் பக்கத்தில் தெரியாமல் செய்திருந்தோம். அது திரை போட்டது போலத்தான். அந்த வரியைத் திறந்தாலோ, வேறொரு பார்வையை அமைத்தாலோ மறைத்த பத்தி தெரிந்துவிடும். இந்த மென்பொருளில் பட்டியலுக்குப் பூட்டு உண்டு, ஒரு வரிக்குப் பூட்டு உண்டு. ஒரு பத்திக்கு மட்டும் தனிப் பூட்டு கிடையாது. ஒருவர் பார்க்கக் கூடாத விவரத்தை வேறு பட்டியலில் வைப்பதுதான் வழி.

நான்காவது தவறு, நகல் எடுத்தது. பட்டியலுக்கு எவ்வளவு பூட்டுப் போட்டாலும், எக்ஸெல் கோப்பாக வெளியே எடுத்துவிட்டால் அந்தப் பூட்டு கோப்போடு வராது. கோப்பின் லிங்க்கை எவரும் திறக்கும்படியும் கொடுக்கலாம். நம் அமைப்பில் உள்ளவர்கள் மட்டும், அல்லது பெயர் குறிப்பிட்ட சிலர் மட்டும் திறக்கும்படியும் கொடுக்கலாம். எவரும் திறக்கும் லிங்க் என்பது சுவரில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். ரமளானில் நடந்தது அதுதான்.

இப்போது எப்படி வைத்திருக்கிறோம்?

ஒருவருக்கு அவருடைய பொறுப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே தெரிய வேண்டும் என்பதை விதியாக எடுத்துக்கொண்டோம். வயது, பதவி, கொடுத்த நன்கொடை எதுவும் கணக்கில் வராது. ஒரே பட்டியலாக இருந்ததை மூன்றாகப் பிரித்தோம்.

விண்ணப்பப் பட்டியல்: பெயர், முகவரி, காரணம், இணைத்த ஆவணங்கள் எல்லாம் இதில்தான் இருக்கும். பதிவு செய்யும் தன்னார்வலர் தான் பதிந்த வரிகளை மட்டுமே பார்க்கலாம், திருத்தலாம். பட்டியலின் உயர்நிலை அமைப்புகளில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஒரு தெருவில் பதிந்தவருக்கு அடுத்த தெருவின் விவரம் தெரியாது. முழுவதையும் பார்ப்பது மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு மட்டுமே. அதில் ஒருவர் பெண். ஆதாரில் கடைசி 4 எண்களுக்கு மேல் பதிவதில்லை.

பணப் பட்டியல்: வரிசை எண், வங்கிக் கணக்கில் உள்ள பெயர், கணக்கு எண், தொகை ஆகியவை இதில் இருக்கும். பொருளாளர் இதைப் பார்ப்பார். நோய், கடன், குடும்பத் தகராறு எதுவும் இதில் இருக்காது. தணிக்கையாளருக்குத் தணிக்கை நடக்கும் நாட்களில் மட்டும் பார்க்கும் அனுமதி தருகிறோம். முடிந்த அன்றே நீக்கிவிடுகிறோம்.

வழங்கல் பட்டியல்: டோக்கன் எண், பொருள், தேதி மட்டும். மளிகைப் பை கொடுப்பவருக்கு டோக்கன் எண் தெரிந்தால் போதும். வாங்க வருபவர் தாமே வரலாம். பிள்ளையிடமோ, அண்டை வீட்டாரிடமோ டோக்கனைக் கொடுத்தும் அனுப்பலாம்.

தானாகப் போகும் மின்னஞ்சல்களையும் மாற்றினோம். முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் பெயரும் காரணமும் மின்னஞ்சலில் போயின. பட்டியலில் ஒருவருடைய அனுமதியை நீக்கினாலும் அவருக்கு ஏற்கெனவே போன மின்னஞ்சல் அவரிடமே இருக்கும். இப்போது எண்ணும் லிங்க்கும் மட்டுமே போகின்றன. அனுமதி உள்ளவர் திறந்தால் விவரம் தெரியும். மற்றவருக்குக் கதவு திறக்காது.

இந்தத் தானியங்கி வேலைகளை அமைத்துக் கொடுத்த இளைஞர் பின்னர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கணக்கின் பெயரிலேயே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நல்ல பிள்ளைதான். ஆனாலும் அந்தக் கணக்கு திறந்திருக்கும் வரை பட்டியலும் அவருக்குத் திறந்திருக்கும். கணக்கை மூடினால் தானியங்கி நின்றுவிடும். எனவே அவற்றை அறக்கட்டளையின் பொதுக் கணக்கொன்றுக்கு மாற்றி அமைத்தபின், அவருடைய கணக்கை மூடினோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதி பெற்றவர்களின் பெயர்களை வாசித்து, பொறுப்பில் இல்லாதவர்களை நீக்குகிறோம்.

நம்பிக்கை இல்லையா?

இந்த மாற்றத்தின்போது எங்களுக்குள் வருத்தமும் வந்தது. இத்தனை வருடம் உழைத்தவர்களை நம்பவில்லையா என்று மூத்த நிர்வாகிகள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முழு அதிகாரம் உள்ளவருக்கு எந்தத் தடையும் பொருந்தாது, அவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். எனவே அந்த அதிகாரத்தை எத்தனை பேருக்குக் கொடுப்பது என்று மஷூரா செய்தோம். விசாரணைக் குழுவில் உள்ள இருவருக்கு மட்டும் என்று முடிவானது. தலைவருக்கும் செயலாளருக்கும் இல்லை. அவர்கள் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் மட்டுமே பார்க்கிறார்கள். இது அவர்களுக்கும் பாதுகாப்பு. நாளை ஒரு விவரம் வெளியானால், பார்க்கவே முடியாதவர் மீது சந்தேகம் விழாது.

ஜகாத் கொடுத்தவர்கள் சிலர், தங்கள் பணம் யாருக்குப் போனது என்று பெயர் கேட்கிறார்கள். கணக்குக் கேட்பது அவர்கள் உரிமை. எத்தனை குடும்பங்களுக்கு, எந்த வகையில், எவ்வளவு என்று தணிக்கை செய்த கணக்கைத் தருகிறோம். பெயரைத் தருவதில்லை. தர்மத்தை மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பதன் சிறப்பை அல்பகரா அத்தியாயத்தின் 271ஆவது வசனம் பேசுகிறது. கை நீட்டிக் கேட்காத தன்மானமுள்ள ஏழைகளைப் பற்றி அதே அத்தியாயத்தின் 273ஆவது வசனம் சொல்கிறது. அவர்களைத் தேடிப்போக வேண்டிய நாம், வந்தவர்களையும் துரத்திவிடக் கூடாது.

மென்பொருளால் முடியாதது

யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது பட்டியலின் பதிப்பு வரலாற்றில் பதிவாகிறது. யார் பார்த்தார் என்பதை அந்த வரலாறு காட்டாது. அனுமதி உள்ளவர் திரையைப் படம் எடுத்தாலோ, டீக்கடையில் பேசினாலோ எந்தப் பூட்டும் தடுக்காது. அந்த இடத்தில் அல்லாஹ்வின் அச்சம் மட்டுமே காவல். அதனால்தான் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரிடமும், பொறுப்பு முடிந்த பின்னும் அமானிதத்தைக் காப்பதாக எழுதி வாங்குகிறோம்.

உங்கள் உரிமைகள்

உங்களைப் பற்றி எங்களிடம் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, பார்க்கலாம். தவறிருந்தால் திருத்தச் சொல்லலாம். உதவி முடிந்தபின், தணிக்கைக்கு வேண்டியவை நீங்கலாக, மற்றவற்றை நீக்கச் சொல்லலாம். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பார்க்கும், திருத்தும், நீக்கக் கோரும் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அமானிதம் அமானிதம்தான். உதவி வழங்கும்போது புகைப்படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். யாராவது எடுத்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பட்டியலின் நகல் உங்கள் செல்போனில் இன்னும் இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாராவது அனுப்பினால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

அந்தச் சகோதரி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்த இதழ் அவர் வீட்டுக்கும் வரும். அவருக்கும், அவரைப் போல் தயங்கி நிற்பவர்களுக்கும் சொல்கிறோம்: அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை. பெண் தன்னார்வலரிடம் சொன்னால் அவரே வீட்டுக்கு வந்து பதிவு செய்வார். உங்கள் பெயரையும் காரணத்தையும் அவரும், விசாரணைக் குழுவின் மூவரும் பார்ப்பார்கள். பணமாகத் தருவதென்றால் பெயரும் தொகையும் மட்டும் பொருளாளருக்குத் தெரியும். அந்த மூவர் யார் என்பதை நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. ஏற்றுக்கொண்ட அமானிதத்தை நிறைவேற்ற நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர், நிர்வாகக் குழுவுக்காக