செவிலியர் பட்டப் படிப்பு: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த சில நாட்களில், ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ரொக்கப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வேளையில், அங்கத்தினர் ஒருவர் தமது சிக்கன நிதியிலிருந்து முன்பணம் கோரும் விண்ணப்பத்துடன் வந்தார். "இளைய மகளை நர்ஸிங் காலேஜில் சேர்க்க வேண்டும், ஐயா. நாளைக்குள் 25,000 ரூபாய் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தரகர் சொல்கிறார்" என்றார். வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரப் புத்தகம் ஒன்றையும் நீட்டினார். கல்லூரிக் கட்டடம், பேருந்து, விடுதி, தோட்டம் யாவும் அதில் இருந்தன. ஆஸ்பத்திரியின் படம் ஒன்றுகூட இல்லை.

அவருடைய மூத்த மகள், எங்கோ ஓராண்டு 'நர்ஸிங்' படித்துச் சான்றிதழ் பெற்றவள் என்று காரியதரிசி என்னிடம் கூறினார். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முயன்றபோதுதான், அந்தச் சான்றிதழைக் கொண்டு செவிலியர் பதிவேட்டில் பெயர் பதிய இயலாது என்பது தெரிய வந்ததாம். அதற்குச் செலவான தொகையும் தறியில் உழைத்துச் சேர்த்த பணமே. இரண்டாம் முறையும் அவ்வாறு நேராதிருக்க வேண்டும். இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய விஷயமன்று. ஆகையால், செவிலியர் பட்டப் படிப்புக்கு இடம் தேடும் பெற்றோர் அனைவரும் ஆராய வேண்டியவற்றை இங்கு எடுத்துரைக்கிறேன்.

பட்டமும் பதிவும்

பி.எஸ்ஸி. நர்ஸிங் என்பது நான்கு ஆண்டுப் படிப்பு. எட்டுப் பருவங்கள் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் படித்துத் தேறியவர்கள் இதில் சேரலாம். வீட்டிலிருந்தபடி தபால் மூலம் இதைப் படிக்க முடியாது. ஓராண்டிலோ, ஆறு மாதத்திலோ ஒருவரைச் செவிலியர் ஆக்குவதாகக் கூறும் எந்தப் படிப்பும் செவிலியர் படிப்பு ஆகாது.

பட்டம் பெற்ற மறுநாளே ஒருவர் செவிலியராகப் பணியாற்றிவிட முடியாது. மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பதிவேட்டில் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமாயினும், அயல்நாட்டு மருத்துவமனையாயினும் முதலில் கேட்பது இப்பதிவையே. ஆகவே ஒரு கல்லூரியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இங்கே படித்தவர் பெயரைக் கவுன்சில் பதிந்துகொள்ளுமா?" என்பதாகும்.

இதற்கு விடை காண மூன்று ஆவணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, மாநில அரசின் அனுமதி ஆணை. இரண்டு, பல்கலைக்கழக இணைப்பு. தமிழ்நாட்டில் செவிலியர் கல்லூரிகள் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. கர்நாடகத்தில் இராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் அவ்வாறு இணைப்பு வழங்குகிறது. மூன்று, மாநிலச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரமும், 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட இந்திய நர்ஸிங் கவுன்சிலின் ஏற்பும். தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையம் ஒன்றை அமைப்பதற்கு 2023-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மேற்பார்வை எந்த அமைப்பின் கைக்கு வந்தாலும், பதிவேட்டின் அவசியம் மாறப்போவதில்லை.

இவ்விவரங்களைக் கல்லூரியின் வாய்மொழியாகப் பெறுதல் போதாது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் கவுன்சிலின் இணையதளத்திலும் கல்லூரியின் பெயர், ஊர், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாண்டுக்குரிய ஏற்பு உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். விதை மூட்டையில் சான்றட்டை இருக்கிறதா என்று பார்த்தும், நூற்சிப்பத்தின் நம்பரைப் படித்தும் வாங்குகிற நாம், மகளின் நான்கு ஆண்டுகளை விளம்பரப் புத்தகத்தை நம்பி ஒப்படைக்கலாகாது.

வெளிமாநிலத்தில் படிப்போர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். படித்த மாநிலத்தின் கவுன்சிலில் முதலில் பதிவு செய்துகொண்டு, பின்னர் அப்பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொள்ள நேரும். இதற்குரிய காலத்தையும் செலவையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

நோயாளிகள் எங்கே?

இந்தியாவில் செவிலியர் பட்டப் படிப்பு 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நடத்திய மருத்துவமனையில், அதற்கு வெகு முன்னரே, 1909-இல், செவிலியர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டிருந்தது. அதாவது, ஆஸ்பத்திரி முதலில் இருந்தது. பள்ளி அதிலிருந்து வளர்ந்தது. பட்டம் கடைசியில் வந்தது. இவ்வரிசையை நாம் மறந்துவிடலாகாது. ஊசி போடுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்தல், பிரசவம் பார்த்தல் ஆகியவற்றைப் பொம்மையை வைத்துத் தொடங்கலாம். நோயாளியின் பக்கத்தில் நின்றுதான் கற்று முடிக்க முடியும்.

எனவே இரண்டாம் கேள்வி ஆஸ்பத்திரியைப் பற்றியது. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? அதில் எத்தனை படுக்கைகள்? அவற்றில் நோயாளிகள் உண்மையில் இருக்கிறார்களா? வார்டில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் வழிகாட்டுதல். முப்பது மாணவிகள் ஒரே சமயத்தில் பயிற்சிக்குச் சென்றால் தொண்ணூறு நோயாளிகள் தேவை. பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, அறுவைச் சிகிச்சைக் கூடம் ஆகியவை உண்டா என்பதையும் கேட்க வேண்டும். சொந்த மருத்துவமனை சிறிதாயின், மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அது எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று விசாரிக்க வேண்டும்.

ஆசிரியர் விஷயமும் இத்தகையதே. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. நான்கு ஆண்டுகளிலும் சேர்ந்து 240 பேர் படிக்கும் கல்லூரியில் 24 ஆசிரியர்கள் இருக்க வேண்டும்.

நாங்கள் சங்கத்தைத் தணிக்கை செய்யும்போது இருப்புப் புத்தகத்தைப் பார்த்ததோடு நின்றுவிடுவதில்லை. கிடங்கைத் திறந்து சேலைகளையும் எண்ணுகிறோம். பெற்றோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். வேலை நாளொன்றில் காலை வேளையில் மகளுடன் நேரே செல்லுங்கள். முதல்வரின் அறையில் மட்டும் அமர்ந்து திரும்பாமல், வார்டுக்குப் போகும் வழியில் நில்லுங்கள். இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம், "அம்மா, இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடை, அச்சிட்ட புத்தகம் முழுவதையும்விட மிகுதியாக உணர்த்தும்.

மொத்தச் செலவு

மூன்றாம் கேள்வி பணத்தைப் பற்றியது. தரகர்கள் முதலாண்டுக் கட்டணத்தையே சொல்வார்கள். நீங்கள் நான்கு ஆண்டுகளுக்கும் ஆகும் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம், பயிற்சிக்குப் போய்வரும் பேருந்துச் செலவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கூட்ட வேண்டும்.

கடன் வாங்குவோர் வட்டியையும் எழுதிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, ஆண்டுக்கு 75,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 3 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெறுவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனிவட்டி மட்டுமே 1,05,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மொத்தக் கடன் 4,05,000 ரூபாய். இதை ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 8,600 ரூபாய் கட்ட வேண்டும். அக்கல்லூரியில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண்ணின் சம்பளத்தைக் கேட்டறிந்து, அதில் இத்தவணை எத்தனை பங்கு என்று பாருங்கள்.

முன்பணமாகப் பெரும் தொகை கேட்பதும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் எச்சரிக்கை மணிகளாகும். நன்கொடைக் கட்டணம் வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம் வசம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. காட்டிச் சரிபார்த்தபின் அசலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நகலை மட்டும் கொடுத்து வருக. எத்தொகை கட்டினாலும் கல்லூரியின் பெயரில் கட்டி ரசீது பெறுக. தரகரின் கையில் ரொக்கம் தரலாகாது.

குறைந்த செலவில் படிக்கும் வழி

அரசுக் கல்லூரிகளின் இடங்களும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களும், சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. தேர்வு முடிவுக்குப்பின் வரும் அறிவிப்பைத் தவறாமல் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும். தனியாரிடம் பணம் கட்டிய பின்னர் இதை நினைப்பதில் பயனில்லை.

அதில் பட்டப் படிப்பு கிடைக்காவிடினும் மனந்தளர வேண்டாம். மூன்றாண்டு டிப்ளமா நர்ஸிங் படித்துப் பதிவு செய்துகொண்டவர்கள், பின்னர் இரண்டாண்டுப் படிப்பின் மூலம் பட்டமும் பெறலாம். பெரிய அரசு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பள்ளியில் பெறும் டிப்ளமா, நோயாளிகள் இல்லாத கல்லூரியில் பெறும் பட்டத்தைவிடப் பயனுள்ளது என்பதே என் கருத்து.

சங்கங்கள் செய்யக்கூடியது

கல்விக்காக அங்கத்தினர் முன்பணம் கோரும்போது, நிர்வாகக் குழுவினர் தொகையை மட்டும் பார்த்து ஒப்புதல் தருதல் போதாது. மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வாங்கலாம். சங்க அலுவலகத்துக் கணினியில் கல்லூரியின் பெயரைத் தேடிக் காட்டுவதற்குக் காரியதரிசிக்குக் கால்மணி நேரமே ஆகும். அந்தக் கால்மணி நேரம் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றக்கூடும்.

அன்று அச்சங்கத்தில் அவ்வாறே செய்தோம். தரகர் சொன்ன கல்லூரியின் பெயர், பல்கலைக்கழகப் பட்டியலிலும் இல்லை. கவுன்சிலின் பட்டியலிலும் இல்லை. அங்கத்தினர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மூத்தவளுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே, ஐயா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுவாரம் அவர் மகள் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். டிப்ளமாவுக்கும் விண்ணப்பிப்பதாகச் சொன்னாள். கலந்தாய்வின் முடிவு இதை எழுதும்வரை வெளிவரவில்லை. அந்த 25,000 ரூபாய் சிக்கன நிதியில் அவர் கணக்கிலேயே இருக்கிறது.