வற்றலை யாரும் வெறுமனே மெல்வதில்லை

மணத்தக்காளி வற்றலை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே வாயில் போட்டால் உப்பும் கசப்பும்தான் தெரியும். அதுவே நல்லெண்ணெயில் பொரிந்து புளிக்கரைசலில் கொதித்தால் வத்தக்குழம்பு. ஷேக்ஸ்பியரின் நாடகப் புத்தகம் டப்பாவில் இருக்கும் வற்றல். பலர் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவதற்குக் காரணம், அதை வெறுமனே மென்று பார்ப்பதுதான்.

ஏன் இப்படி வற்றிக் கிடக்கிறது? எலிசபெத் ராணி காலத்தில் நாடகத்தை நடிகர்களுக்காக எழுதினார்கள். 1599இல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கின் நடுவே கூரை கிடையாது. பட்டப்பகலில் நாடகம், ஒரு பென்னி கொடுத்தவர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். விளக்கு வெளிச்சமோ காட்சித் திரையோ இல்லாததால் இருட்டையும் குளிரையும் கோட்டையையும் வசனமே சுமந்தது. நமக்கு அச்சில் வந்து சேர்ந்திருப்பது அந்த வசனம் மட்டும்.

முதலில் புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள், அதாவது கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவாரசியம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். ‘ரோமியோ ஜூலியட்’டில் காதலர் இருவரும் சாகப்போகிறார்கள் என்று தொடக்கத்தின் 14 வரிகளிலேயே ஷேக்ஸ்பியர் சொல்லிவிடுகிறார். மேரி லாமும் அவர் தம்பி சார்லஸும் சிறுவர்களுக்காக 1807இல் எழுதிய ஷேக்ஸ்பியர் கதைத் தொகுப்பு இதற்குப் போதும்.

அடுத்தது எண்ணெய். இங்கே அது நம் குரல். வற்றல் பொரிவதும் உப்புவதும் இந்த இடத்தில்தான்.

‘ஹேம்லெட்’டின் முதல் காட்சியை இரண்டு பேர் உரக்கப் படித்துப் பாருங்கள். கோட்டை மதிலில் பிரான்சிஸ்கோ காவல் நிற்கிறான். அவனை மாற்றிவிட பெர்னார்டோ வருகிறான். யார் அங்கே என்று முதலில் கேட்பது யார்? வருகிறவன்! காவலில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வி அது. நீ முதலில் பதில் சொல் என்று பிரான்சிஸ்கோ திருப்பிக் கேட்கிறான். பெர்னார்டோ ஏற்கெனவே எதையோ கண்டு மிரண்டிருக்கிறான் என்பது அந்தத் தலைகீழ்க் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு மணி பன்னிரண்டு அடித்ததும், கடுங்குளிர் என்பதும், பிரான்சிஸ்கோவின் மனசு சரியில்லை என்பதும் பேச்சோடு பேச்சாக வருகின்றன. வழக்கமான 10 அசை வரிக்குப் பதிலாக, துண்டு துண்டான பேச்சு. கண்ணால் படிக்கும்போது வெறும் விசாரிப்பாகத் தோன்றுவது, வாய்விட்டுச் சொல்லும்போது நடுக்கமாகக் கேட்கிறது. பிற்பகல் வெயிலில் நின்றவர்களுக்கு நள்ளிரவைக் காட்டிய வித்தை இவ்வளவுதான். நான் ஷேக்ஸ்பியரை வியப்பது தத்துவப் பேச்சுகளைவிட இந்த மாதிரி இடங்களில்தான்.

கடைசியாக, குழம்பு சுண்ட வேண்டும். முழு ‘ஹேம்லெட்’டை மேடையேற்ற நான்கு மணி நேரம் பிடிக்கும். நடிகர்கள் அன்றுமுதல் வெட்டித்தான் ஆடுகிறார்கள். 1603இல் முதன்முதலாக அச்சான ‘ஹேம்லெட்’, அடுத்த பதிப்பைவிட மிகச் சிறியது. புரியாத பத்தியைத் தாண்டிப் போகத் தயங்காதீர்கள். அடிக்குறிப்புகள் உப்பு, சொல்லுக்குச் சொல் பார்த்தால் கரித்துவிடும்.

எதில் தொடங்குவது? ‘ஹேம்லெட்’டில் அந்த முதல் காட்சி போதும். முழு நாடகமாகப் படிக்க ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நல்லது. அளவில் சிறியது, சிரிப்பும் நிறைய.

ஷேக்ஸ்பியர் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வகுப்பில் நாடகாசிரியர் வரலாற்றையும் நோட்ஸையும் எடுக்காதீர்கள். இரண்டு மாணவர்களை எழுப்பி நிறுத்தி, காவலர்களாகப் பேசச் சொல்லுங்கள்.