வயிறு மெத்தென்று இருக்கிறது, வலியோ உயிர் போகிறது

வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இறுக்கமில்லை. அமுக்கினாலும் பெரிதாக வலி கூடுவதில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் நோயாளி கட்டிலில் புரண்டு கதறுகிறார். குடலுக்குப் போகும் ரத்தம் திடீரென்று நின்றுபோனால் முதல் சில மணி நேரம் இப்படித்தான் இருக்கும். இவர்களில் சிலர் 'கேஸ் பிடிப்பு' என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். மறுநாள் வயிறு உப்பி விறைத்து, மலத்தில் ரத்தம் போய், மயக்க நிலையில் திரும்பி வரும்போது குடல் கறுத்து அழுகியிருக்கிறது. இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரோ அதற்கும் மேலோ இறந்துபோவதற்கு முக்கியக் காரணம் தாமதம்தான்.

சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் வலப்பக்கத்துக்கும் ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு தமனி. தலைவாய்க்கால் அடைபட்டால் கடைமடை வரை காய்வதுபோல, அது அடைபட்டால் பல அடி நீளக் குடல் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கிறது. சுமார் 6 மணி நேரத்துக்குள் மீளமுடியாத சேதம் தொடங்கிவிடும்.

அடைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் இதயத்திலிருந்து வருகிறது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த துண்டு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம், குடலுக்குப் போனால் இந்த நோய். முதியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே வரலாம். புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனியிலேயே கொழுப்புப் படிந்து அடைபடுவது உண்டு. அவர்களில் பலருக்குச் சாப்பிட்ட அரைமணி, ஒரு மணி நேரத்தில் வயிறு வலித்து, சாப்பிடவே பயந்து, மாதக்கணக்கில் எடை குறைந்திருக்கும். தமனியில் அல்லாமல், குடலிலிருந்து ரத்தம் திரும்பும் சிரைக்குள் உறைந்தால் வலி நாள்கணக்கில் மெல்லக் கூடும். கல்லீரல் சுருங்கியவர்கள், ரத்தம் எளிதில் உறையும் தன்மை உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது அது.

கண்டுபிடிக்க ஒரு வழிதான் நம்பகமானது: ஊசி வழியாக கான்ட்ராஸ்ட் செலுத்தி, தமனி, சிரை இரண்டும் தெரியும்படி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம். சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வாயு மறைத்துவிடும். ரத்தத்தில் லாக்டேட் சரியாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. கான்ட்ராஸ்ட் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று, 'கிரியேட்டினின் ரிப்போர்ட் வரட்டும்' எனக் காத்திருப்பதுதான் பல இடங்களில் நடக்கும் பெரிய தவறு. சந்தேகம் வந்த உடனே சி.டி. எடுக்க வேண்டும் என்பதே உலக அவசர அறுவை சிகிச்சை சங்கத்தின் வழிகாட்டுதல். சிறுநீரகத்துக்கு வரக்கூடிய பாதிப்பைவிட, நோயைத் தவறவிடுவதன் ஆபத்து பெரிது.

ஆகவே உடன் இருப்பவர் தயங்காமல் பேச வேண்டும். "டாக்டர், அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீரா இல்ல, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். குடலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குமா? கான்ட்ராஸ்ட் சி.டி. பாத்துடலாமா?" இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது.

நோய் உறுதியானால் சலைன், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றை உடனே தொடங்குவார்கள். குடல் இன்னும் சாகாதிருந்தால் குழாய் வழியாகவோ வயிற்றைத் திறந்தோ அடைப்பை எடுப்பார்கள். செத்த பகுதியை வெட்டியாக வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பது வழக்கம். அதைக் கேட்டு 'முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது' என்று குடும்பத்தார் கலங்க வேண்டாம். மீதச் சிறுகுடல் 200 செ.மீ.க்கும் குறைந்தால் சாப்பிடுவது உடம்பில் சரியாக ஒட்டாது. சிரை வழியாக ஊட்டம் ஏற்ற வேண்டிவரலாம்.

பணம் கட்டவில்லை, படுக்கை இல்லை என்று உயிர் ஊசலாடும் நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது. அரசு மருத்துவரானாலும் தனியாரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்தவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவிட்டன. 1996-இல் அந்த வழக்கில், அப்படி அனுப்பியது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைப் பறித்த செயல் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. சி.டி.யோ அறுவை மருத்துவரோ இல்லாத இடமென்றால், முதலுதவி செய்து, என்ன சந்தேகம், எத்தனை மணிக்கு என்று எழுதிய பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். 108-ஐ அழைத்து, இரவிலும் சி.டி. ஓடும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

இந்த நோய் நல்ல மருத்துவரையும் ஏமாற்றும். கண்டுபிடிக்கத் தவறியது மட்டுமே சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. அறிகுறியும் ஆபத்துக் காரணமும் கண்ணெதிரே இருந்தும் சோதித்துப் பார்க்காதது வேறு விஷயம். அலட்சியம் நடந்ததாக ஐயம் இருந்தால் முதலில் சிகிச்சை ஆவணங்களைக் கேளுங்கள். எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை மேல் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் முழுவதும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்கென்றோ, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்க அலுப்பென்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். திடீர் வலி வந்தால் அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, காஷுவாலிட்டியில் முதலில் அதைச் சொல்லுங்கள்.