விளையாட்டுச் சட்டையும் உடலமைப்பும்

கழுத்துப்பட்டியும் அரைக்கையும் கொண்ட பனியன் துணிச் சட்டையை இன்று நாம் அலுவலகத்திற்கும் அணிந்து செல்கிறோம். அது பிறந்த இடம் டென்னிஸ் களம். முழுக்கைச் சட்டை ஆட்டத்திற்கு இடையூறாயிருக்கவே, பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த் 1926ஆம் ஆண்டில் இத்தகைய பருத்திச் சட்டையுடன் களம் இறங்கினார். 1933இல் அது விற்பனைக்கும் வந்தது.

வாங்குகையில் முதலில் நோக்கவேண்டுவது தோள். தோள் தையல் தோளெலும்பின் முனையிலேயே நிற்றல் வேண்டும். பக்கத் தையலைத் தையற்காரர் எளிதில் பிடித்துவிடுவார். தோளைத் திருத்துவதோ சட்டையையே பிரித்து வெட்டுவதற்கு ஒப்பாகும். தொந்தியுள்ள அன்பர்கள் வயிற்றை எண்ணிப் பெரிய அளவை வாங்குகின்றனர். நாற்பதைக் கடந்தபின் நாமும் அவ்வாறே செய்தோம். கூடாரம் ஒன்று நடந்து வருவதாக வீட்டில் சொன்னார்கள்! தோளுக்குப் பொருந்துவது வயிற்றில் இறுகுமாயின், ஆயத்த ஆடையை விடுத்து அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே நலம். நிறம் அடர்த்தியாயும் பட்டைக்கோடு இன்றியும் இருக்கட்டும்.

ஒல்லியானவர்க்குக் குறுக்குக் கோடும் தடித்த நெசவும் ஏற்றவை. கைவாயை மட்டும் சிறிது ஒடுக்கினால் போதும். குள்ளமானவர் சட்டையின் விளிம்பை இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துக; அதனினும் தாழ்ந்தால் கால்கள் குறுகித் தோன்றும்.

பருத்திப் பின்னல் சுருங்கும் இயல்பினது. ஆகவே ஓரிரு முறை துவைத்த பின்னரே திருத்தத்திற்குக் கொடுக்க வேண்டும். நேர்த்தையல் இத்துணிக்கு ஆகாது. துணி நீளும்போது நூல் அறுந்துவிடும். வளைந்து நெளிந்து செல்லும் தையலைக் கேட்டு வாங்குக.