துணி வாங்க ஒரு பயணம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹாமில்டன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை 2,000-ஐக்கூட எட்டாது. ஆனால் விடுமுறையில் கிளம்பியவர்கள் வழியை மாற்றிக்கொண்டு இங்கே வருகிறார்கள், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் துணி வாங்க! 2008-இல் ஜென்னி டோன் குடும்பம் தொடங்கிய கடை இன்று கடைத்தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. பூப்போட்ட துணிக்கு ஒரு கடை, குழந்தைகளுக்கான துணிக்கு இன்னொன்று என்று ரகவாரியாகக் கடைகள். ஜென்னியின் யூடியூப் தையல் பாடங்கள்தான் ஊரின் பெயரை உலகறியச் செய்தன. நொடித்துக் கிடந்த ஊரை ஊசியும் நூலும் எழுப்பிவிட்டன என்றால் மிகையில்லை.

அங்கே அரை கஜத் துணியை நடுவில் வெட்டி, ஏறக்குறைய 18-க்கு 22 அங்குலத் துண்டாகவும் விற்கிறார்கள். பெட்டியில் இடமே அடைக்காது. வெளியூர் போகும் நேயர்களே, அந்தந்த ஊர்த் துணிக்கடைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.